இன்னும் கொஞ்சம் பச்சை

இடுப்பளவு வளர்ந்து மஞ்சள் பூ எடுத்திருந்த தக்கைப்பூண்டை மாமா மடக்கி உழுத அந்தக் காலை இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. என் அக்காவின் கணவர் அவர். கடலூர் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்து, தீராத இருமலோடு வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த சொந்த நிலத்துக்கே வந்திருந்தார். "இந்த சம்பா மட்டும் தேறிட்டா, மறுபடி அவர வேலைக்கு அனுப்பவே மாட்டேன்டா" என்று அக்கா என்னிடம் சொன்னாள். மடக்கிய பூண்டு அழுகி நெல்லுக்கு உரமாகும் என்று நம்பியிருந்தோம். அப்படியே ஆனது.

நட்ட பயிர் நன்றாகத் தூர் கட்டியது. மாமாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து வரப்புக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் பயிரின் நிறத்தை வைத்துத்தான் ஆளை எடை போடுவார்கள். சுற்றிலும் யூரியா போட்ட வயல்கள் கருகருவென்று திரும்ப, டீக்கடையில் யாரோ, "என்னா, ஒம் பயிரு வெளுத்தாப்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அது போதாதா? பூண்டு கொடுத்த சத்தே போதும், மேலே போட்டால் நோய்தான் வரும் என்று வேளாண்மை அலுவலகத்தில் சொன்னதை அக்கா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "ஒரே ஒரு வாட்டிதான், ஜாஸ்தி போட மாட்டேன்" என்றார். இரண்டு முறை போட்டார்.

அந்த வட்டாரத்திலேயே எங்கள் வயல்தான் கரும்பச்சை. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மார்கழிப் பனி இறங்கியதும் இலையெல்லாம் கண் போலப் புள்ளிகள் விழுந்தன. பிறகு கதிர்களின் கழுத்து கறுத்து ஒடிந்தது. குலைநோய். உருவிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். பொங்கல் கழிந்து அவர் பழைய வேலைக்கே போனார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். பேருந்தில் ஏறும்போது அவர் இருமியதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த சம்பாவுக்கு அக்காவே தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழவைத்து, நடவு நட்டாள். யூரியா பக்கமே போகவில்லை. மாமா தினமும் போன் செய்து, பயிர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று நச்சரிப்பார். ஒருநாள் நானும் வரப்பில் இருந்தேன். பயிர் இளம்பச்சையாக, ஒரு புள்ளி இல்லாமல் நின்றது.

"பயிரு வெளுத்திருக்கா? லீவு போட்டுட்டு வரட்டா?"

அவரை வீட்டோடு வைத்துக்கொள்ளத்தான் அக்கா அந்த வயலையே நம்பியிருந்தாள். போனில் அவர் இருமியது எனக்கே கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னாள்: "நல்லா கருகருன்னு இருக்குங்க. கதிரு முத்துற வரைக்கும் நீங்க அங்கியே இருங்க."