சிலிர்க்காத கிடா

மஞ்சள் தண்ணீரும் நனைந்த ஆட்டு மயிரும் கலந்த வாசம் வந்தால் இப்போதும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு கருப்பராயன் கோயில். நேர்ந்துவிட்ட கிடாயின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமியின் உத்தரவு, அப்புறம்தான் வெட்டுவார்கள். செவலை என்கிற கிடா மட்டும் வருடா வருடம் சிலிர்க்காமலே தப்பித்தது. குடத்தோடு ஊற்றினாலும் மழையில் நனையும் பாறைபோல நிற்கும். அதன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஈரோட்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். நான் கணபதி என்கிற ஊரிலிருந்து போனேன்.

அன்றும் ஊற்றினார்கள். அசையவில்லை.

"சாமிக்கே டிமிக்கி குடுக்குது பாருங்க!" என்று ஒருவர் சிரித்தார்.

முன்னால் நின்ற நான், அதன் காதில் உட்கார்ந்த ஈயை விரட்டக் கை நீட்டினேன். விரல் காதில் பட்டுவிட்டது. தலையிலிருந்து வால்வரை செவலை ஒரு முறை சிலிர்த்தது. "உத்தரவு!" என்று கூட்டம் கத்தியது.

சாமி இல்லை, என் விரல் என்று சொல்லியிருக்கலாம். மேளச் சத்தத்துக்கு நடுவே நின்றேன், அரிவாள் இறங்கும்வரை. விரலை மன்னித்துவிட்டேன். வாயை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கிடாயை வளர்த்த ருக்மணி அக்கா வெறும் கயிற்றோடு ஒதுங்கி நின்றார். மகன் ஆபரேஷனில் பிழைக்க அவர் நேர்ந்துவிட்டது அது. அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தேனுங்க. வேண்டுதல நிறைவேத்தாம பையனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு இத்தன வருசமாத் தூக்கமில்லீங்க. நானும் வாயத் தொறக்கலீங்களே... நீங்க போங்க கண்ணு."