மதினி கொண்டுவந்த கசாயம்

சிவப்பு மூடி போட்ட அந்தப் பிளாஸ்க்கைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவரின் அக்கா, அதாவது என் மதினி, வாரம் தவறாமல் கமுதியிலிருந்து பஸ் ஏறி, வேப்பம்பட்டையும் ஏதேதோ வேரும் போட்டுக் காய்ச்சிய கசாயத்தை அதில் கொண்டுவருவார். இராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏலே தம்பி, அக்கா வந்துட்டேன்லே" என்று குரல் கொடுப்பார். கட்டிலில் சுருண்டு கிடக்கிற மனிதர் அந்தக் குரலுக்கு எழுந்து உட்காருவார். காலையிலிருந்து நான் கெஞ்சியும் உட்காராத மனிதர்!

அவருக்கு ஈரலில் புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், வலி மாத்திரையை மட்டும் நேரம் தவறவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அதுவரை எங்கள் வாசற்படியை மிதிக்காதவர்கள்கூட அதன்பிறகு வைத்தியர்களாக வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டில் பப்பாளி இலைச் சாறு என்றார்கள். மண்டபத்திலிருந்து வந்த அவருடைய கூட்டாளி பால்சுறா வாங்கிவந்து, "புட்டு அவிச்சுக் குடு தங்கச்சி, ஒடம்பு தேறிரும்" என்றார். பால்சுறாப் புட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குக் கொடுப்பது. இவருக்கு எதற்கண்ணே என்று கேட்க வாய்வரை வந்தது. கொண்டுவந்தவரின் கண் கலங்கியிருந்ததால் பேசாமல் வாங்கி வைத்தேன். யார் எதைச் சொன்னாலும், "சரி, செஞ்சு குடுக்குறேன்" என்பதுதான் என் பதில். சொன்னவர்களுக்கும் அது போதுமாக இருந்தது.

மதினியிடம் மட்டும் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அவர் சொல்லிவிட்டுப் போகிறவர் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறவர். நான் கொடுக்கும் கஞ்சியை இரண்டாவது வாயிலேயே தள்ளிவிடுகிற என் வீட்டுக்காரர், அந்தக் கசப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் தெம்பா இருக்குக்கா" என்பார். மதினிக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். 'பாத்தியா?' என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்ப்பார். அவர் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில், குடித்ததெல்லாம் நான் ஏந்திய கிண்ணத்தில் வந்து விழும். அக்காவுக்குச் சிரிப்பு, எனக்கு வாந்தி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், "அந்த மாத்திரைதாம்லே ஒன்னைய மயக்கிப் போடுது, கசாயத்தை வேலை செய்யவிட மாட்டேங்குது" என்று மதினி சொல்ல, இவரும் மத்தியான மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டார். என்னிடம் இருவரும் மூச்சுவிடவில்லை. மதினி கிளம்பிப் போனபின் வலி பிடித்துக்கொண்டது. தலையணையைக் கடித்துக்கொண்டு துடித்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மாத்திரையைக் கொடுத்து, அது கேட்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே, உள்ளே கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "இத்தனை வருசமா ஆக்கிப்போடுறவ நானு. எம்பேச்ச ஒருநா கேட்டிருக்கீகளா? அக்கா குடுத்தா வெசத்தையும் குடிப்பீக போல!"

வலி அடங்கியபின்தான் அவர் பேசினார். "அக்கா இன்னும் நான் பொழைச்சுக்கிருவேன்னு நம்பிக்கிட்டு இருக்கு. அது முன்னால பொழைக்கிறவன் மாதிரி இருக்கணும்ல. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒங்கிட்ட என்னத்த நடிக்க?"

அடுத்தமுறை மதினி வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன். "மதினி, கசாயத்தை நீங்களே குடுங்க, நான் குறுக்க வரல. மாத்திரைய மட்டும் தொட்டீங்கன்னா எனக்குப் பொல்லாத கோவம் வந்துரும்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அதன்பிறகு மாத்திரையில் கை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கசாயத்தைக் குடித்தபடியும், நான் கிண்ணத்தை ஏந்தியபடியும் மிச்ச நாட்கள் கழிந்தன. வலியில்லாமல்தான் போனார்.

மதினி இன்றைக்கும் கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே என்னைப் பார்த்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நா குடிச்சிருந்தான்னா எந்திரிச்சிருப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு என்னிடம் சொன்னதைக் கேட்டவர்கள், கொடுத்துவைத்தவள், புருஷன் உன்னிடம் ஒளிவுமறைவில்லாமல் இருந்திருக்கிறார் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு மதினிமேல் இன்னமும் பொறாமைதான். தெம்பாக இருக்கிறது என்று ஒரே ஒருநாள் என்னிடமும் அவர் பொய் சொல்லியிருக்கலாம். தெரிந்தே நம்பியிருப்பேன்.