பாலத்தில் திணறிய வண்டி

இயற்பியல் வகுப்பில் அரைத் தூக்கத்தில்தான் அந்த யோசனை உதித்தது: புகை தடையில்லாமல் வெளியேறினால் வண்டி பறக்கும். அன்று மாலையே என் டூ-ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சரைப் பாதியாக அறுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போலகம் ஊர் நண்பனோடு வண்டிப் பந்தயம். தோற்றால் வகுப்பே சிரிக்கும்.

ஒத்திகையில் அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் வண்டி ஊரையே கூட்டியது. மேலே மட்டும் ஏறவில்லை. பாலத்தடியில் ஒரு சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர். விசிலை ஊதாமல் வாயிலேயே கவ்விக்கொண்டிருப்பது அவர் வழக்கம். சைக்கிளை மிதித்து என்னைத் தாண்டிப் போய் மறித்து நின்று, விசிலை எடுத்தார்.

"சத்தம் அப்பவே வந்துடுச்சு தம்பி. வண்டி எப்ப வரும்?"

"புகை சீக்கிரம் போனா வேகம் கூடும் சார்."

குனிந்து குழாயை மோந்தார். "புகை மட்டுமா போவுது? எரியாத பெட்ரோலும்ல சேந்து போவுது! அதைத் திருப்பி உள்ள தள்ளத்தான் அந்தக் குழாயி. அதைப் போயி அறுத்து வச்சிருக்கியே!"

கேஸ் எழுதுவார் என்று பயந்தேன். "இந்த வேகத்துக்கு என்னத்தை எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சைக்கிளில் போகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை. நாளை அறுத்த துண்டைப் பற்றவைக்கிறேன். கூடவே குழாயை ஒரு சாண் நீட்டியும் பார்க்கப் போகிறேன்.