சுவிசேஷமுத்துவின் யூரிக் ஆசிட்

தாம்பரம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த சுவிசேஷமுத்து குடிகாரர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவன் நான். காப்பியைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். பார்சலில் வந்த மாம்பழக் கூடை பிரிந்து கிடந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். இவர் கூடையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். இப்படிப்பட்டவரோடு வேலை பார்ப்பது கொஞ்சம் பேஜார்தான்.

அவர் மனைவி தபீதாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தபீதாளின் அப்பா திருட்டுச் சாராயம் குடித்தே செத்தவர். அதனால் ஆயிரம் தடவை விசாரித்து, குடிக்காதவர் என்று தெரிந்த பிறகுதான் சுவிசேஷமுத்துவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார்.

1972 தொடக்கம். சாராயக்கடைகள் சட்டப்படியே திறந்திருந்த சமயம். ஒருநாள் காலை சுவிசேஷமுத்துவின் கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போனது. டாக்டர் எட்மண்ட் ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார். யூரிக் ஆசிட் எட்டரை என்று வந்தது.

"ஆம்பளைங்களுக்கு ஏழுக்குள்ள இருக்கணும். குடிக்கிறவங்களுக்கு இப்படி ஏறும். பழக்கம் உண்டா?" என்று தபீதாளை வைத்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல சார்."

டாக்டர் நம்பினாரோ என்னவோ, தபீதாள் நம்பவில்லை. அவருடைய அப்பாவும் இதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டுதான் இல்லை என்பாராம். ஈரல் கீரல் சாப்பிடாமல், தண்ணீர் நிறையக் குடித்து, அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தபீதாள் சொன்னார்: "அடுத்த தடவை ஏறியிருந்தா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

இதற்கு அந்த மனுஷர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. உபவாச ஜெபத்தில் இறங்கினார். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய மூன்று நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும். ஆண்டவர் தன் பக்கம் சாட்சி சொல்லி நம்பரை இறக்கட்டும் என்று. அதையும் ரகசியமாகச் செய்தார். உபவாசத்தைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவி, சாப்பிட்டவன் போலவே நடமாட வேண்டும் என்று சிறுவயதில் சர்ச்சில் கற்றதை அப்படியே பிடித்துக்கொண்டார். விடியுமுன் கிளம்பினார். திரும்பி வந்ததும், ஆபீசிலேயே சாப்பாடு ஆயிற்று என்றார். கொண்டுபோன டப்பா, ஸ்டேஷன் பெருக்கும் எல்லம்மாவுக்குப் போயிற்று.

"இன்னா சார், நீ துன்னல? ஒடம்புக்கு இன்னா கீது?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, நீ சாப்பிடும்மா" என்றார்.

அவள் டப்பாவைப் பளிச்சென்று கழுவிக் கொடுத்தாள். அது வினையாகப் போயிற்று. இவர் ஒருநாளும் டப்பா கழுவியதில்லை.

"இன்னைக்கு என்ன பொரியல் வச்சேன்?" என்று கேட்டார் தபீதாள்.

"பீன்ஸ்."

வைத்தது கோஸ். தபீதாள் அதற்குமேல் கேட்கவில்லை. கண் உள்ளே போய், நடை தள்ளாடி, வாய் கூசாமல் பொய் சொல்லும் ஆண்பிள்ளையை அவர் பிறந்த வீட்டிலேயே பார்த்தவர்.

ரிசல்ட் வந்தது. பத்து. விரலும் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது.

தபீதாள் அழவில்லை. "நான் கிளம்பறேன் டாக்டர்" என்று எழுந்துவிட்டார். டாக்டர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சுவிசேஷமுத்துவுக்கு இக்கட்டு. சொன்னால் உபவாசம் வீண். சொல்லாவிட்டால் பெண்டாட்டியும் பிள்ளையும் போய்விடுவார்கள். வாசல்வரை போய்விட்ட தபீதாளின் முதுகைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமே சாப்பிடல சார். அதுக்கு முன்னாடி மூணு நாளும் உபவாசம்" என்றார்.

தபீதாள் அங்கேயே நின்றுவிட்டார்.

"பட்டினி கிடந்தாலும் இது ஏறும்" என்றார் டாக்டர். "வெளியே போக வேண்டியது ரத்தத்திலேயே தங்கிடும். எவ்வளவு இருக்குன்னுதான் இந்த நம்பர் சொல்லும். எதனாலன்னு சொல்லாது. குடி ஒரு காரணம், அவ்வளவுதான். குடிக்காதவங்களுக்குப் பரம்பரையா வரும், கிட்னி சரியா வெளியே தள்ளாட்டியும் வரும். அன்னைக்கு நான் குடியை மட்டும் கேட்டது தப்பு."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டை விடக்கூடாது என்று கண்டித்தும் அனுப்பினார்.

அவர் காலை விந்தி விந்தி, இருவரும் ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிக்கட்டு வரை நடந்தார்கள். அங்கே வந்ததும் தபீதாளுக்கு அழுகை முட்டியது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தபீதாள் யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

பின்னாளில் இதை எங்களிடம் சொன்னபோதும் தபீதாள் அழுதார். பெருவிரல் வலியைவிட அந்த வார்த்தை கணவருக்கு அதிகமாக வலித்தது என்பது முகத்திலேயே தெரிந்ததாம். ஆனால் அவர் கோபப்படவில்லை.

"நானும் மூணு நாளும் உன்கிட்ட பொய்தானே சொன்னேன்" என்றார்.

முதல் படியில் வைத்த காலை அடுத்த படிக்குத் தூக்க முடியவில்லை. ரோட்டில் மனைவியோடு ஒட்டி நடந்தே அறியாத மனுஷர் அவர். பார்சல் ஆபீஸ் ஆட்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோளக் குடு தபீதா" என்றார்.

தபீதாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளைக் கொடுத்தார்.