ஜெபமாலை சொன்ன தடை

மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலுக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் கோயில்பிள்ளை. கூட்டிப் பெருக்குவதிலிருந்து பூசைக்கு எடுத்துவைப்பது, அறிவிப்பு வாசிப்பது வரை எல்லாம் என் தலையில்தான். பெயர் அருளானந்து. கோபக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தத் தவக்காலத்தில் கோபப்படுவதில்லை என்று அதன் முதல் நாளான சாம்பல் புதனன்று நேர்ந்துகொண்டேன்; வியாழக்கிழமை மத்தியானமே அது காற்றில் போய்விட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, ஜெபமாலையைப் பற்றி.

ஜெபமாலை கடற்பாசி எடுக்கிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி மூழ்கிப் பாசி பிடுங்குவாள். வாய் அதிகம். "அண்ணே, உங்க மூஞ்சியக் காட்டுனாப் போதும், மெழுகுதிரி தானா பத்திக்கும்" என்று கோயில் வாசலில் வைத்தே என்னைக் கேலி செய்வாள். அவள் கணவன் ராயப்பனும் நானும் சின்ன வயதில் ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு ஐப்பசி மாதத்தில் அவனும் இன்னும் இரண்டு பேரும் நாட்டுப்படகில் போனார்கள். காற்று மாறிவிட்டது. மூன்றாம் நாள் இரண்டு உடல்கள் ஒதுங்கின, அடக்கம் செய்தோம். ராயப்பன் மட்டும் வரவேயில்லை.

அவன் இருக்கிறான் என்றாள் ஜெபமாலை. எங்கேயோ கரை ஏறியிருப்பான், ஏதோ ஒரு ஜெயிலில் இருப்பான், வருவான். தாலியைக் கழற்றவில்லை, பூவை விடவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் "என் வீட்டுக்காரர் நல்லபடியாக் கரை சேர" என்று ஒவ்வொரு வாரமும் மன்றாட்டுச் சீட்டு எழுதிப் போடுவாள். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போகும்போது அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி இராமநாதபுரம் போய்விடுவாள். இருட்டிய பிறகுதான் திரும்புவாள்.

மகள் சகாயசுதாவுக்கு இருபத்தாறு வயது. "அவ அய்யா வரட்டும்" என்று மூன்று சம்பந்தங்களைத் தாய் தட்டிக்கழித்துவிட்டாள். நாலாவதாக உப்பூரிலிருந்து வந்த சம்பந்தத்துக்கு எப்படியோ தலையாட்டினாள். ஈஸ்டர் முடிந்து கல்யாணம். அதற்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று அறிவிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம்.

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. பங்குச் சாமி எழுதிக் கொடுத்த தாளில் "ராயப்பன் ஜெபமாலை தம்பதியரின் மகள்" என்றுதான் இருந்தது. மைக்கில் நான் வாசித்தது, "காலஞ்சென்ற ராயப்பன்."

வாசித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. நிறுத்தத் தெரியாமல், தடை இருந்தால் தெரிவிக்கவும் என்பதுவரை ஓடி முடித்தேன். இத்தனை வருஷத்தில் அந்த வரிக்கு ஒருவரும் எழுந்து நின்றதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஜெபமாலை எழுந்தாள்.

"தடை இருக்கு சாமி. எம் புருசன் சாகல. அவரு வந்து பாக்காம எம் மகளுக்குக் கலியாணம் கிடையாது."

விறுவிறுவென்று நடந்து வெளியே போய்விட்டாள். சுதா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். தாய் சம்மதிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். சாமி அடுத்த வாசிப்பை நிறுத்திவைத்தார். உப்பூர்க்காரர்கள் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வரை பொறுப்பார்கள், அதற்கு மேல் வேறு இடம் பார்ப்பார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே! வாய் தவறிவிட்டது என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிதோறும் எங்கள் ஊரில் சிலுவைப்பாதை தெருவில் போகும். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினாலு நிலை, நிலைக்கு ஒரு வீடு. அந்த வீட்டார் வாசல் தெளித்து, சின்ன மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்துக் காத்திருப்பார்கள். நாலாம் நிலை ஜெபமாலை வீடு. இயேசு தம் தாயைச் சந்திக்கும் இடம். அந்த வாரம் அவள் வாசல் காய்ந்து கிடந்தது, கதவு சாத்தியிருந்தது. அடுத்த வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். "அதெல்லாம் முடியாது" என்று கத்திவிட்டு, கோயிலுக்கு ஓடிப்போய் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து போட்டேன். அவள் வாசிக்க வேண்டியதை நானே வாசித்தேன். கதவு அசையவில்லை.

அடுத்த வெள்ளியும் அப்படியே. கூட்டம் போன பிறகு நான் மட்டும் கதவோரம் நின்றேன்.

"ஜெபமால, வாய் தவறிருச்சுன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியிறேன். அது பொய்யி தாயி. ஆறு வருசமா ராத்திரி செபத்துல அவன் ஆன்மாவுக்குத்தான் கும்புடுறேன். அந்தப் பழக்கந்தான் வாயில வந்துருச்சு."

உள்ளேயிருந்து ஒரு செம்பு வந்து கதவில் மோதியது. "போயிருங்கண்ணே! இங்கன நிக்காதீக!"

போனேன். தெருமுனையில் சுதா என் பின்னாலேயே ஓடி வந்தாள். "பெரியப்பா, நானும் அப்படித்தான் கும்புடுறேன். அம்மாவுக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியட்டும்த்தா" என்றேன்.

மூன்றாம் வெள்ளி. முக்காலியோடு போனால் வாசலில் மேசை கிடக்கிறது. துணி விரித்திருக்கிறது. ஜெபமாலை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள். தலையில் பூ இல்லை. நாலாம் நிலையை அவளே வாசித்தாள். பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தாள். முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"எம் மக சொல்லிட்டா. நீங்களும் அப்படிக் கும்புடுறீக, அவளும் அப்படிக் கும்புடுறா. நான் ஒருத்தி மட்டும் அவரு வருவாரு வருவாருன்னு... ஒத்தையா முடியலண்ணே. களைச்சுப் போச்சு."

"ஓலைய எழுதுன மாதிரியே வாசிக்கிறேன் தாயி. அந்த வார்த்தை இனி வராது."

"வரணும்" என்றாள். "ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த ரெண்டு பேருக்கும் துக்க மணி அடிச்சீகள்ல? எம் புருசனுக்கு அடிச்சீகளா? மணி அடிக்காத ஆளைக் காலஞ்சென்றவன்னு எப்படிண்ணே வாசிப்பீக?"

அடிக்கவில்லைதான். உடல் வரட்டும் என்று இருந்தோம், அப்படியே விட்டுவிட்டோம். மணிக்கயிறு என் கையில்தானே இருந்தது? எனக்குக் கூடத் தோன்றவில்லையே, பாவி.

மறுநாள் சனிக்கிழமை காலை, சாமியிடம் கேட்டுக்கொண்டு மணி அடித்தேன். துக்க மணி ஒற்றை ஒற்றையாக விழும். ஒன்று ஓய்ந்த பிறகுதான் அடுத்தது. ஜெபமாலை கோயில் வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஊரில் மணி கேட்டால் செய்த வேலையைப் போட்டுவிட்டு, யாருக்கு என்று கேட்டு வருவார்கள். வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். பாசிக்குப் போன பெண்கள் ஈரச் சேலையோடு வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் "யாருக்கு?" என்றார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் "எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். அவள் அழவில்லை. நான் கயிற்றைப் பிடித்தபடியே அழுதேன்.

கடைசியாக, பாசி ஏற்றிப்போக வரும் வியாபாரி ஹமீது சுல்தான் வண்டியை நிறுத்தினார். வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர். கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கி வந்தார்.

"என்னம்மா, யாரு தவறுனது?"

"எங்க வீட்டுக்காரரு பாய்."

"யா அல்லா! எப்பம்மா?"

ஜெபமாலை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் கோணியது.

"ஆறு வருசமாச்சு பாய்" என்று சொல்லிவிட்டு, மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.