நயோமி மூட்டிய அடுப்பு

சந்திரிகாவுக்கு மெல்பேர்னில் கிடைத்தது சமையல் வேலை. அடுப்பு மூட்டும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. கோல்பீல்டில் ஒரு யூதக் குடும்பம். வீட்டுக்காரி நயோமிக்குப் புற்றுநோய். கோஷர் என்னும் அவர்களுடைய உணவு நெறிப்படி வேற்று மதத்தவர் சமைக்கலாம், ஆனால் நெருப்பை யூதர் ஒருவர்தான் ஏற்ற வேண்டும். ஆகவே தினமும் பின்னேரம் நயோமி கட்டிலைவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக் குசினிக்கு வந்து, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் திரும்பிப் போவார்.

கணவர் டேனியலும் யூதர்தான். ஆனால் சமையல் நேரத்தில் வேலையில் இருப்பார். வெளியே பன்றி இறைச்சியும் தின்பார். வீட்டின் சட்டத்தைக் காத்தவர் நயோமி. அவருக்கோ கடவுள் நம்பிக்கை இல்லை. அவரும் சந்திரிகாவும் பேசியது ஆங்கிலம் என்றாலும், சந்திரிகா தன் வீட்டில் திருப்பிச் சொல்லும்போது நயோமியும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்.

"கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது சந்திரா. என்ரை பிள்ளையளின்ரை சாப்பாடு என்ரை நெருப்பிலை வேகோணும்."

இறைச்சிக்கு ஒரு தொகுதிப் பாத்திரம், பாலுக்கு இன்னொன்று என்ற ஏற்பாடு சந்திரிகாவைத் திகைக்க வைக்கவில்லை. டண்டினோங்கில் அவருடைய வீட்டிலும் மீனும் இறைச்சியும் காய்ச்சும் மச்சச் சட்டி வேறு, விரதச் சட்டி வேறு. மாறிப்போனால் கொழும்பிலிருக்கும் மாமியார் தொலைபேசியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

பிள்ளைகள் முகம் சுளிக்காத எளிய சாப்பாடுதான் சமைத்தார். கோழியும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் வாட்டியது, தக்காளிக் குழம்பில் இறைச்சி உருண்டை, வெள்ளி இரவுக்குக் கோழிச் சூப். வெள்ளியில்தான் சிக்கல். சந்திரிகாவுக்கு அன்று சைவம். உருசி பார்க்க முடியாது. நயோமியின் நாக்கை மருந்து கெடுத்திருந்தது. உருசி பார்த்தும் பயனில்லை. இருவரும் சூப்பை முகர்ந்து பார்த்து உப்பை முடிவு செய்தார்கள்.

"வெள்ளிக்கிழமையிலை கோழி காய்ச்சிற சைவப்பழம்!" என்று சீண்டுவார் கணவர் அருமைநாதன்.

"நான் காய்ச்சினாலும் வாயிலை வைக்கிறேல்லை. நீங்கள் காய்ச்சாமலே திண்டுபோட்டு இருக்கிறியள்."

ஒரு புதன்கிழமை, சிகிச்சை முடிந்து வந்த நயோமி அயர்ந்து தூங்கினார். எழுப்ப மனமில்லாமல் சந்திரிகாவே அடுப்பைப் பற்ற வைத்தார். இரக்கம் செய்த பிழை அது. குழம்பின் மணத்தில் விழித்த நயோமி குசினி வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

"பாவம், நல்ல நித்திரை எண்டுதான்..."

"எல்லாத்தையும் நீங்கள் செய்யிறியள் சந்திரா. உடுப்புத் தோய்க்கிறியள், பிள்ளையளுக்குத் தலை பின்னிறியள். நான் செய்யிறது இது ஒண்டுதான். அதையும் எடுத்துப்போட்டியள்."

அந்தச் சட்டி குழம்போடு ரயிலேறி டண்டினோங் போனது. அருமைநாதன் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டார். சந்திரிகா தொடவில்லை, இத்தனைக்கும் அன்று வெள்ளியும் அல்ல.

அதன்பின் எவ்வளவு ஆழ்ந்த தூக்கமானாலும் தோளைத் தொட்டு எழுப்பினார். "எழும்புங்கோ நயோமி, அடுப்பு." கை நடுங்கத் தொடங்கியதும் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். குமிழைத் திருகியது நயோமியின் விரல்தான்.

பிறகு ஒரு வியாழன் பின்னேரம் நயோமிக்கு மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் வருவதற்குள் அவர் அலுமாரியைக் காட்டினார். உள்ளே கண்ணாடிக் குவளையில் வார்த்த மெழுகுதிரி ஒன்று. தகப்பனின் நினைவு நாளில் ஆண்டுதோறும் அப்படி ஒன்றை ஏற்றுவார். ஒரு முழு நாள் எரியும்.

"அது செத்தவைக்கெல்லோ? வேண்டாம்."

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் எரியும். அதிலையிருந்து நெருப்பெடுத்துச் சூப்பை வையுங்கோ. அதுவும் என்ரை நெருப்புத்தான்."

சந்திரிகா மணிக்கட்டைத் தாங்க, நயோமி திரியைக் கொளுத்தினார்.

பிள்ளைகளோடு சந்திரிகா அங்கேயே தங்கினார். வெள்ளி மதியம், அந்தத் திரியில் ஒரு நீளத் தீக்குச்சியைப் பற்றவைத்து அடுப்புக்குக் கொண்டுபோனார். சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது டேனியல் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தார். முகத்தைப் பார்த்ததும் சந்திரிகாவுக்கு விளங்கிவிட்டது. எதையும் நம்பாத அந்த மனிதர் நேரே போய் அலுமாரியைத் திறந்தார்.

"இதுக்குள்ளை ஒரு மெழுகுதிரி இருந்ததே?"

சந்திரிகா அடுப்போரம் கைகாட்டினார். "அவ தானே கொளுத்திப்போட்டுப் போனவ."

டேனியல் அதன் முன்னால் அப்படியே நின்றார்.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். கூட நின்று முகர ஆளில்லை. சந்திரிகா சூப்பில் ஒரு கரண்டி எடுத்து, வெள்ளிக்கிழமை என்று தெரிந்தே, வாயில் வைத்தார். உப்புக் குறைவு. போட்டார்.