பச்சைப் பெலிக்கனை மறைத்த புகை

கெஸியா பின்னக் யாரையும் லேசில் நம்ப மாட்டாள். லண்டனில் பிறந்து நாற்பதைத் தாண்டியவளுக்கு அது பிழைக்கும் வழி. ரொட்டியைப் பிட்டால் படிகாரம் கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் அந்த ஊரில் சீமைச் சுண்ணாம்பைத்தான் குடிப்பான். புருஷன் கடலில் செத்தான் என்று வந்து சொன்னார்கள். அதையும் பாதிதான் நம்பினாள்.

ஸ்ட்ராண்ட் தெருவில் ஆம்புரோஸ் லக்கின் படக்கடையில் வேலை. செப்புத் தகட்டில் அச்சாகி வரும் கேலிப் படங்களுக்கு வண்ணம் பூசுவாள். பிரபுவின் மூக்குக்குச் சிவப்பு, பாதிரியாரின் தொப்பைக்குக் கறுப்பு.

அவளை அரித்த கவலை தங்கை டாம்சின்தான். வயிற்றுவலிக்கு டாக்டர் பலோரினியின் மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தாள். சந்தையில் மேடை போட்டு, இடுப்புவரை பொய்முடி தொங்க, கூவிக் கூவி விற்கிறவன் அவன். வலி நின்றதோ இல்லையோ, வாயில் எச்சில் நிற்கவில்லை. ஈறு கறுத்தது. பல் உதிர்ந்தது.

"பாதரசம்டி அது. ஆளையே தின்னுடும்."

"உள்ள இருக்கிற விஷம் வெளிய வருதுன்னு டாக்டர் சொன்னாரு. நீ என்ன டாக்டரா? தூரிகை புடிக்கிறவதானே அக்கா!"

அப்போதுதான் ஒருவன் கடைக்கு வந்தான். மொட்டைத்தலை, சாதாரணக் கோட்டு. பலோரினியிடம் ஏமாந்தவனாம்; அவனைக் கேலி செய்து படம் போட வேண்டுமாம். முன்பணமும் வைத்தான். கெஸியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஊரே சிரித்தால் டாம்சினுக்குப் புத்தி வராதா?

"பேரை முழுசாப் போடுங்க. அவன் வீட்டு வாசல்ல அடையாளத்துக்குத் தொங்குற பச்சைப் பெலிக்கன் பறவைப் பலகையும் பளிச்சுனு தெரியணும்" என்றான்.

கெஸியாவின் தூரிகை நின்றது. கேலிப் படத்தில் எவனும் பெயரை முழுசாகப் போடுவதில்லை. முதல் எழுத்து, கடைசி எழுத்து, நடுவில் கோடு. அப்போதுதான் கோர்ட்டுக்குப் போனாலும் தப்பலாம். முதலாளி லக்கும் தயங்கினார்.

"வழக்குப் போட்டுட்டான்னா?"

"போட மாட்டான். அதுக்கு நான் ஜவாப்தாரி."

ஏமாந்தவன், ஏமாற்றியவனுக்கு ஜவாப்தாரியா? அவன் போன பிறகும் சோம்பு வாடை கடையில் நின்றது. டாம்சினின் மாத்திரை டப்பியிலும் அதே வாடை.

"முதலாளி, இவன் அந்த டாக்டரே. கூட்டம் சிரிச்சுக்கிட்டே விலாசத்தப் படிச்சுட்டுப் போவும்."

"யாரா இருந்தா உனக்கென்ன? பூசுற வேலையப் பாரு."

தகடு அச்சாகி வந்தது. தடவிக் கொடுக்கிற கேலி. கொழுத்த பிரபு ஒருவர் வாயைத் திறந்து மாத்திரை வாங்குகிறார், டாக்டர் ராஜா மாதிரி நிற்கிறார், தலைக்குமேல் பெலிக்கன் பலகையும் முழுப் பெயரும். கெஸியா கறுப்பைக் குழைத்தாள். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகையைக் கிளப்பினாள். பெலிக்கன் போனது, பெயரும் போனது. பிறகு பிரபுவின் வாய்க்கு வந்தாள். ஈறுக்குக் கருநீலம். முன்பல்லை அழித்தாள். எச்சிலை மோவாய் தாண்டி வழியவிட்டாள். அதற்கு அவள் யாரையும் பார்த்து வரைய வேண்டியிருக்கவில்லை.

லக் அவசரத்தில் சரியாகப் பாராமல் கண்ணாடி ஜன்னலில் மாட்டினார். கெஸியா மீன் வாங்கலாம் என்று தங்கையை அந்த வழியே இழுத்துவந்தாள். கூட்டம் நெரிந்தது. அதைப் பிளந்துகொண்டு மொட்டைத்தலைக்காரன் வந்தான்.

"பலகை எங்கய்யா? பேரு எங்க? இதுக்கா நான் காசு குடுத்தேன்?"

டாம்சின் அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா... இது டாக்டர் குரலு."

பக்கத்திலிருந்த மீன்காரி விடவில்லை. "அட, டாக்டரா? டோப்பாவ எங்க அடகு வச்சீங்க டாக்டரே?"

தெரு அதிர்ந்தது. அவன் கோட்டுக் கழுத்துப்பட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவினான். லக் கதவோரம் நின்று கெஸியாவை முறைத்தார். ஆனால் அதற்குள் நாலு பேர் படம் கேட்டு உள்ளே நுழைந்திருந்தார்கள். விலை சொல்ல அவரும் உள்ளே ஓடினார்.

டாம்சின் மட்டும் சிரிக்கவில்லை. படத்திலிருந்த வாயையே பார்த்தாள். நாக்கு அவள் ஈறுகளைத் துழாவியது. பிறகு பையிலிருந்து டப்பியை எடுத்து நீட்டினாள்.

கெஸியா அதை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். பாதி காலி.

"இன்னொரு டப்பி?"

"இன்னொண்ணா? எது அக்கா?"

கெஸியா நீட்டிய கையை மடக்கவில்லை.

டாம்சின் சுற்றும்முற்றும் பார்த்தாள். மெதுவாகக் குனிந்து, காலுறைக்குள் விரலை விட்டாள்.